காக்கியும் கால்பந்தும்: ஐதராபாத் நகரக் காவல் அணியின் கோப்பைக் கணக்கு

ஐதராபாத் நகரக் காவல் துறையின் கால்பந்து அணி 1950 முதல் 1963 வரையிலான 14 ஆண்டுகளில் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை 9 முறையும், டெல்லியின் டூரண்ட் கோப்பையை 4 முறையும் வென்றது. ரோவர்ஸில் 1950 தொடங்கி 1954 வரை தொடர்ந்து 5 ஆண்டுகள் அந்த அணிக்கே பட்டம். கல்கத்தாவின் பெரிய கிளப்புகளாலும் எட்ட முடியாத வரிசை அது. மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் இருந்த ரசிகர் கூட்டமோ டிக்கெட் வசூலோ காவல் அணிக்கு இல்லை. அரசு வேலை ஒன்றுதான் அதன் முதல். அந்த அணி எழுந்ததற்கும் பின்னர் இறங்கியதற்குமான காரணங்கள் பெரும்பாலும் அந்த வேலையிலேயே அடங்கியிருக்கின்றன.

அணி உருவான ஊர்

நிஜாம் ஆட்சிக்கால ஐதராபாத்தும் அதை ஒட்டிய செகந்திராபாத்தும் இரட்டை நகரங்கள். செகந்திராபாத்தில் பிரிட்டிஷ் படைகளின் பெரிய கன்டோன்மென்ட் இருந்தது. சிப்பாய்கள் ஆடிய ஆட்டத்தை மைதான ஓரத்தில் நின்று பார்த்த உள்ளூர்ச் சிறுவர்கள் வெறுங்காலுடன் அதைப் பழகிக்கொண்டார்கள். கன்டோன்மென்டைச் சுற்றி வேலைக்காகக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. பின்னாளில் இந்திய அணிக்கு ஆடிய பீட்டர் தங்கராஜும் துளசிதாஸ் பலராமும் அந்தச் சூழலில் வளர்ந்தவர்கள். பலராம் பிறந்த அம்முகூடா, செகந்திராபாத்தை அடுத்த ஒரு சிற்றூர்.

1948 செப்டம்பரில் ஐதராபாத் இந்தியாவுடன் இணைந்தது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் அதன் நகரக் காவல் அணி நாட்டின் இரண்டு பெரிய கோப்பைகளையும் ஒரே ஆண்டில் கைப்பற்றியது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழியில் ஆந்திரப் பிரதேசம் உருவான பிறகு, 1960 முதலான கோப்பைப் பட்டியல்களில் இந்த அணி 'ஆந்திரா போலீஸ்' என்று இடம்பெறுகிறது. பெயர் மாறினாலும் ஆட்டக்காரர்களும் பயிற்சியாளரும் பழைய தொடர்ச்சிதான்.

ரஹீமின் பள்ளிக்கூடம்

அணியைச் செதுக்கியவர் சையத் அப்துல் ரஹீம். 1909 ஆகஸ்ட் 17 அன்று பிறந்த அவர் தொழிலால் பள்ளி ஆசிரியர். 1940களில் ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளரானார். 1950 முதல் 1963 ஜூன் 11 அன்று புற்றுநோயால் இறக்கும் வரை காவல் அணிக்குப் பயிற்சியாளராக இருந்தார். அதே காலத்தில் இந்திய அணியையும் பயிற்றுவித்தார். 1951, 1962 ஆசிய விளையாட்டுத் தங்கங்களும், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் கிடைத்த நான்காம் இடமும் அவர் பொறுப்பில் வந்தவை.

அன்றைய இந்தியக் கால்பந்தில் பந்தைக் காலோடு ஒட்டவைத்து ஒவ்வொருவராக ஏய்த்துச் செல்பவரே பெரிய ஆட்டக்காரர். ரஹீம் இந்தப் பழக்கத்தை உடைக்கச் சில தனிப் போட்டிகளை நடத்தினார். ஒன்றில் டிரிபிளிங் அறவே கூடாது. வந்த பந்தை உடனே அடுத்தவருக்குத் தள்ளிவிட வேண்டும். இன்னொன்றில் பழகாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும். வலக்கால் ஆட்டக்காரருக்கு இடக்கால்தான் அனுமதி. விதியை மாற்றிவிட்டால் பழக்கம் தானாக மாறும் என்பது ஆசிரியர் ஒருவருக்கே தோன்றக்கூடிய வழி. ஒரே குழு ஆண்டு முழுவதும் ஒரே ஊரில் இருந்ததால்தான் இந்தப் பாடம் பலித்தது. வேலை காவல் துறையில் என்பதால் பருவம் முடிந்ததும் ஆட்டக்காரர்கள் வேறு கிளப்புக்குக் கலைந்து போகவில்லை.

1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் இந்தியா யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்றது. நம்மவர்களில் பலர் அன்று பூட்ஸ் அணியாமல் ஆடினார்கள். அந்தத் தோல்விக்குப் பிறகே உள்நாட்டுப் போட்டிகளில் பூட்ஸ் கட்டாயமானது. அதே ஒலிம்பிக்கில் ஹங்கேரி தங்கம் வென்ற விதம் ரஹீமின் சிந்தனையை மாற்றியது. நடு முன்கள ஆட்டக்காரரைப் பின்னால் இறக்கி ஆடவிடும் ஹங்கேரியின் முறையை அவர் இந்திய ஆட்டத்துக்குக் கொண்டுவந்தார். அந்த ஹங்கேரி அணியின் முதுகெலும்பாக இருந்த ஹோன்வேட் 1949 முதல் அந்நாட்டு ராணுவத்தின் கிளப். புஷ்காஷ், போஜிக், கோச்சிஷ் ஆகியோர் அங்கே ஆண்டு முழுவதும் சேர்ந்து ஆடியவர்கள். அரசுச் சம்பளத்தில் ஒரே குழுவைக் கலையாமல் வைத்திருந்தது இரு நாடுகளுக்கும் பொது.

கோப்பைக் கணக்கு

ரோவர்ஸ் கோப்பை 1891-இல் பம்பாயிலும், டூரண்ட் கோப்பை 1888-இல் சிம்லாவிலும் தொடங்கின. இரண்டும் முதலில் பிரிட்டிஷ் படையணிகள் தங்களுக்குள் ஆடிய போட்டிகள். இந்திய அணி ஒன்று ரோவர்ஸை முதன்முதலில் வென்றது 1937-இல். அது பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி. டூரண்ட் 1940-இல் டெல்லிக்கு மாறியது. பிறகு போரும் பிரிவினையும் குறுக்கிட்டதால் 1950 வரை நடக்கவில்லை.

மறுபடி தொடங்கிய அந்த 1950 டூரண்ட் இறுதியில் ஐதராபாத் காவல் அணி மோகன் பகானை 1-0 என்று வென்றது. அதே ஆண்டு ரோவர்ஸும் அதன் கைக்கு வந்தது. 1954-லும் 1957-லும் இரண்டு கோப்பைகளையும் சேர்த்தே வென்றது. 1957 டூரண்ட் இறுதியில் ஈஸ்ட் பெங்காலை 2-1 என்றும், 1961 டூரண்ட் இறுதியில் ஆந்திரா போலீஸ் என்ற பெயரில் மோகன் பகானை 1-0 என்றும் வீழ்த்தியது. ரோவர்ஸில் 1957, 1960, 1963 ஆகிய ஆண்டுகளில் தனியாகவும், 1962-இல் ஈஸ்ட் பெங்காலுடன் கூட்டாகவும் பட்டம் பெற்றது.

தோற்ற இறுதி ஆட்டங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். டூரண்டில் 1952-லும் 1956-லும் ஈஸ்ட் பெங்காலிடமும், 1963-இல் மோகன் பகானிடமும் இறுதியில் தோற்றது. 1962-இல் சீனப் போர் காரணமாக டூரண்ட் நடக்கவில்லை. ஆக, 1950 முதல் 1963 வரை நடந்த 13 டூரண்ட் போட்டிகளில் 7 இறுதி ஆட்டங்களில் இந்த ஓர் அணி இடம்பெற்றது.

சந்தோஷ் டிராபியில் மாநில அணியாகவும் இதன் நிழல் தெரிகிறது. ஐதராபாத் 1956-57, 1957-58 என்று அடுத்தடுத்து அந்தக் கோப்பையை வென்றது. நூர் முகமது, அஜீஸுதீன் போன்ற காவல் அணி வீரர்கள் ஒலிம்பிக்கிலும், யூசுப் கான் 1962 ஜகார்த்தா தங்கம் வென்ற அணியிலும் ஆடினார்கள்.

ரஹீம் 1963 ஜூனில் இறந்தார். அந்த ஆண்டு ரோவர்ஸ்தான் அணி வென்ற கடைசிப் பெரிய கோப்பை. அதன் பிறகு ரோவர்ஸையோ டூரண்டையோ அது மீண்டும் வெல்லவில்லை. ஐதராபாத் மண்ணில் ஆட்டம் உடனே வற்றிவிடவில்லை. 1965-66-இல் ஆந்திரப் பிரதேசம் சந்தோஷ் டிராபியை வென்றது. ஆனால் திறமையை ஓர் அணியாகக் கோத்துத் தந்த கை போய்விட்டது.

துறை அணி இயங்கிய விதம்

காவலராகவோ ஏட்டாகவோ பதிவேட்டில் பெயர். காலையும் மாலையும் மைதானத்தில் பயிற்சி. வெளியூர்ப் போட்டிக்குப் போகும் நாட்கள் 'ஆன் டியூட்டி'. ஆட்டம் முடிந்த வயதில் வழக்கமான பணிக்குத் திரும்பி, ஓய்வூதியத்தோடு விடைபெறலாம். அன்றைய கால்பந்துக் கிளப் எதுவும் 35 வயதுக்கு மேல் ஓர் ஆட்டக்காரருக்கு இப்படி உத்தரவாதம் தரவில்லை. ஏழைக் குடும்பத்துப் பையன்களுக்கு இதுதான் பெரிய ஈர்ப்பு.

இந்த அமைப்பு கோப்பைப் போட்டிக்கு வாகாகப் பொருந்தியது. ரோவர்ஸும் டூரண்டும் சில வாரங்களில் முடியும் நாக்-அவுட் போட்டிகள். துறை அதிகாரி ஓர் உத்தரவில் 18 பேரை ரயிலேற்றி அனுப்பிவிடலாம். தங்குவதற்கு அந்தந்த ஊரின் ஆயுதப்படைக் குடியிருப்பு உண்டு. பயணத்துக்கு அரசு வாரண்ட் உண்டு. மாதக்கணக்கில் நீளும் லீக்கையோ, கூட்டத்தை இழுக்க வேண்டிய சொந்த ஊர் ஆட்டங்களையோ நடத்தும் தேவை அவர்களுக்கு வரவில்லை.

பலவீனமும் இதே இடத்தில்தான். கல்கத்தா கிளப்புகள் லீக் வசூலில் பணம் சேர்த்தன. அந்தப் பணத்தால் ஐதராபாத் ஆட்டக்காரர்களை அழைத்தன. துளசிதாஸ் பலராம் இதற்கு நல்ல சான்று. அம்முகூடாவிலிருந்து ஐதராபாத் வரை தினமும் வந்து பயிற்சி எடுக்க வசதியில்லாத அந்த இளைஞருக்கு, சைக்கிள் வாடகைக்குப் பணம் கொடுத்து ஆடவைத்தவர் ரஹீம். 1957-இல் பலராம் ஈஸ்ட் பெங்காலுக்குப் போய்விட்டார். அதே ஆண்டு டூரண்ட் இறுதியில் ஈஸ்ட் பெங்காலைக் காவல் அணி வென்றது என்பது உண்மைதான். ஆயினும் ஒவ்வொரு தலைமுறையிலும் சிறந்தவர் சிலர் இப்படிக் கிழக்கே நகர்ந்துகொண்டே இருந்தனர்.

ஐரோப்பாவின் அரசுக் கிளப்புகளுக்கும் இந்தியத் துறை அணிகளுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவே. மாஸ்கோ டைனமோ உள்துறை அமைச்சகத்தைச் சார்ந்தது, சி.எஸ்.கே.ஏ. ராணுவத்தினுடையது. கிழக்கு ஜெர்மனியின் பெர்லின் டைனமோ உளவுத்துறையின் ஆதரவில் 1979 முதல் 1988 வரை தொடர்ந்து 10 லீக் பட்டங்கள் பெற்றது. ருமேனிய ராணுவத்தின் ஸ்டௌவா புக்கரெஸ்ட் 1986-இல் ஐரோப்பியக் கோப்பையையே வென்றது. அங்கே கட்டாய ராணுவ சேவையைக் காட்டி நல்ல ஆட்டக்காரரை அரசுக் கிளப் எடுத்துக்கொள்ள முடிந்தது. அவர் விலகிப் போவதும் எளிதில்லை. இந்தியத் துறை அணியால் வேலையைக் கொடுக்க மட்டுமே முடிந்தது. வேலையை விட்டு விலகுபவரைத் தடுக்க முடியவில்லை.

வெலிங்டன் படை மையம்

தமிழ்நாட்டில் இந்த வகையின் சிறந்த சான்று, குன்னூரை அடுத்த வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர். எம்.ஆர்.சி. என்று அழைக்கப்படும் இந்த மையத்தின் அணி 1955 டூரண்ட் இறுதியில் இந்திய விமானப்படையை 3-2 என்றும், 1958 இறுதியில் கூர்க்கா பிரிகேடை 2-0 என்றும் வென்றது. 1954 முதல் 1958 வரையிலான 5 டூரண்ட் பட்டங்களில் 4 சீருடை அணிகளுக்குப் போயின: ஐதராபாத் காவல் துறைக்கு 2, எம்.ஆர்.சி.க்கு 2. ஈஸ்ட் பெங்கால் மட்டும் 1956-இல் இடையே நுழைந்தது.

எம்.ஆர்.சி.யின் இரண்டு வெற்றிகளிலும் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ். 1953-இல் ராணுவத்தில் சேர்ந்தபோது அவர் முன்களத்தில் ஆடியவர். வெலிங்டனில்தான் கோல் கம்பத்துக்கு நகர்ந்தார். நெடிய உருவமும் நீண்ட கையும் அங்கே பயன்பட்டன. 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஒலிம்பிக்குகளில் ஆடினார். 1962 ஆசியத் தங்கம் வென்ற அணியிலும் இருந்தார். சர்வீசஸ் அணிக்குத் தலைமை தாங்கி சந்தோஷ் டிராபியை வென்று தந்தார். ராணுவத்தை விட்ட பின் கல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடினார். 1967-இல் அர்ஜுனா விருது பெற்றார். ஒரு படை மையத்தின் பயிற்சித் திடல் நாட்டின் முதல்நிலைக் கோல்கீப்பரை உருவாக்கித் தந்த கதை இது.

செகந்திராபாத்தில் இருந்த ராணுவத்தின் இ.எம்.இ. மையம் 1961-இல் ரோவர்ஸை வென்றதையும் சேர்த்தால், 1960 முதல் 1963 வரை 4 ஆண்டுகளும் அந்தக் கோப்பையில் இரட்டை நகரச் சீருடை அணி ஒன்றின் பெயர் இருக்கிறது. பின்னர் 1965-இல் உருவான எல்லைப் பாதுகாப்புப் படை இந்த இடத்தைப் பிடித்தது. 1968 தொடங்கி 1988 வரை டூரண்டை 7 முறை வென்றது.

கேரளா போலீஸ்: இரண்டு ஆண்டு உச்சம்

ஐதராபாத்தின் கதை ஏறக்குறைய அப்படியே, சுருக்கமாக, கேரளத்தில் மறுபடி நடந்தது. 1984-இல் உருவான கேரளா போலீஸ் அணிக்குப் பின்னால் இருந்தவர் காவல் துறைத் தலைவராக இருந்த எம்.கே. ஜோசப். வி.பி. சத்யன், சி.வி. பாப்பச்சன், யு. ஷரஃப் அலி, குரிகேஷ் மேத்யூ, கே.டி. சாக்கோ என்று ஒரு தலைமுறையே ஒரே அணிக்கு வந்து சேர்ந்தது. திருச்சூர் நகராட்சி மைதானத்தில் சோடா விற்றுக்கொண்டிருந்த ஐ.எம். விஜயனும் பதின்வயதிலேயே இந்த அணியில் எடுக்கப்பட்டார்.

1990-இல் திருச்சூரில் நடந்த ஃபெடரேஷன் கோப்பை இறுதியில் கோவாவின் சால்கோக்கரை 2-1 என்றும், 1991-இல் கண்ணூரில் மகிந்திரா அண்ட் மகிந்திராவை 2-0 என்றும் கேரளா போலீஸ் வென்றது. அதுவரை கேரளத்தின் எந்தக் கிளப்பும் இந்தக் கோப்பையைத் தொட்டதில்லை. அந்த அலை மாநில அணியையும் தூக்கியது: 1973-74-க்குப் பின் சந்தோஷ் டிராபி காணாத கேரளம், 1991-92-இல் கோயம்புத்தூரில் சத்யன் தலைமையில் கோவாவை 3-0 என்று வென்றது, அடுத்த ஆண்டும் பட்டத்தைத் தக்கவைத்தது.

உச்சம் அதோடு சரி. விஜயனும் சத்யனும் கல்கத்தா போனார்கள். சத்யன் பிறகு சென்னையில் இந்தியன் வங்கி அணிக்கு வந்தார். 2006-இல் சென்னையிலேயே இறந்தார். விஜயன் பல கிளப்புகளுக்கு ஆடிய பிறகு மீண்டும் கேரளக் காவல் துறைக்கே திரும்பி, 2025-இல் அதிகாரியாக ஓய்வு பெற்றார். அதே ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீயும் வந்தது. வேலையை விட்டுப் போனவருக்குத் திரும்பி வரவும் வேலைதான் கதவாக இருந்தது.

லீக் காலம் வந்தபோது

1996-இல் தேசிய கால்பந்து லீக் தொடங்கியதும் கணக்கு மாறியது. சில வாரக் கோப்பைக்குப் பதிலாகப் பல மாத லீக், வெளிநாட்டு ஆட்டக்காரர்கள், ஒப்பந்தச் சம்பளம். அரசுப் பணி விதிகளுக்குள் இவை எதுவும் அடங்காது. நைஜீரிய முன்கள ஆட்டக்காரரை ஏட்டாக நியமிக்க எந்த விதியும் இடம் தராது.

2007-இல் ஐ-லீக் வந்த பிறகு ஆசியக் கூட்டமைப்பின் கிளப் உரிம விதிகள் நெருக்கின. கிளப் தனிச் சட்ட அமைப்பாக இருக்க வேண்டும், இளையோர் அணிகள் நடத்த வேண்டும், தனிக் கணக்கு காட்ட வேண்டும் என்றன அந்த விதிகள். இவற்றை நிறைவு செய்யாததால் 2013-இல் ஏர் இந்தியாவும் ஓ.என்.ஜி.சி.யும் ஐ-லீக்கிலிருந்து நீக்கப்பட்டன. 1977-இல் முதல் ஃபெடரேஷன் கோப்பையை வென்றது பெங்களூரின் ஐ.டி.ஐ. என்ற பொதுத்துறை நிறுவன அணி. அந்தத் தொடக்கத்திலிருந்து 36 ஆண்டுகளில் அரசு நிறுவன அணிகளுக்குத் தேசிய லீக்கின் கதவு மூடியது. கோப்பைப் போட்டியில் மட்டும் பழைய வழி திறந்திருக்கிறது: 2016-இல் ராணுவத்தின் ஆர்மி கிரீன் அணி, நெரோக்காவை டைபிரேக்கரில் வென்று டூரண்ட் பட்டத்தைப் பெற்றது.

தமிழ்நாட்டில் இன்று

சென்னை லீக்கில் இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., வருமான வரித்துறை, சுங்கத்துறை, ஏ.ஜி. அலுவலகம் ஆகியவற்றின் பெயர்கள் பல பத்தாண்டுகளாகப் புழங்குகின்றன. சென்னைக்கு வெளியே, எடுத்துக்காட்டாகச் சேலம், நாமக்கல் சமவெளியில், தேசிய அளவில் பெயர் பெற்ற கிளப் எதுவும் எழவில்லை. கபடியும் வாலிபாலும் கோலோச்சும் இந்த ஊர்களில் கால்பந்து ஆடும் பிள்ளைக்கு மேலே போக இருக்கும் வழி, பள்ளி அணி, மாவட்ட அணி, மாநில அணி, பிறகு 'ஸ்போர்ட்ஸ் கோட்டா' என்பதுதான். ராணுவத்துக்கு இரு மாவட்டத்தாரும் கோயம்புத்தூர் ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் கீழ் வருகிறார்கள். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் காவலர் பணியிடங்களில் 10 சதவீதத்தை விளையாட்டு வீரர்களுக்கு ஒதுக்குகிறது. பிற அரசுப் பணிகளில் இந்த ஒதுக்கீடு 3 சதவீதம்.

இந்த ஒதுக்கீட்டில் சான்றிதழ்தான் முக்கியம். நாட்டுக்காக ஆடியவருக்கு 'ஃபார்ம் 1', மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியவருக்கு 'ஃபார்ம் 2', பல்கலைக்கழக அணிக்கு 'ஃபார்ம் 3'. மாவட்ட லீக்கில் எத்தனை கோல் போட்டாலும் இந்தப் படிவங்களில் அதற்கு இடமில்லை. அதனால் சிறிய மாவட்டப் பிள்ளைக்குத் தன் ஊர் கிளப்பை வளர்ப்பதைவிட மாநிலத் தேர்வு முகாமில் இடம் பிடிப்பதே பெரிய காரியமாகிறது. துறை அணிகள் ஆட்டக்காரரைத் தந்த அளவுக்கு ஊர்க் கிளப்புகளை வளர்க்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

பெண்கள் கால்பந்தில் பழைய முறை இன்னும் உயிரோடு இருக்கிறது. 2019 இந்திய மகளிர் லீக் இறுதியில் மதுரையின் சேது எஃப்.சி.யிடம் 1-3 என்று தோற்றது மணிப்பூர் காவல் அணி. தமிழ்நாடு அணி தேசிய மகளிர் சாம்பியன்ஷிப்பை முதன்முதலாக 2017-18-இல் மணிப்பூரை 2-1 என்று வீழ்த்தி வென்றது. அதில் ஆடிய கடலூரின் இந்துமதி கதிரேசன், தமிழ்நாடு காவல் துறையில் உதவி ஆய்வாளர். ஆண்கள் லீக்கில் புழங்கும் பணம் பெண்கள் ஆட்டத்துக்கு இன்னும் வரவில்லை. ஆகவே ஐதராபாத்தில் 1950-இல் வேலைக்கு இருந்த மதிப்பு இங்கே இன்றும் இருக்கிறது.

இந்த எல்லா அணிகளிலும் மூன்று கூறுகள் ஒன்றுசேர்ந்தபோதுதான் கோப்பை வந்திருக்கிறது: ஆட்டத்தில் அக்கறை கொண்ட உயர் அதிகாரி, நீண்ட காலம் ஒரே இடத்தில் இருந்த பயிற்சியாளர், வேறெங்கும் இதைவிட நல்ல பிழைப்பு இல்லாத ஒரு தலைமுறை ஆட்டக்காரர்கள். ஐதராபாத்தில் இவை 14 ஆண்டுகள் நீடித்தன. கேரளத்தில் சில ஆண்டுகளே. அதிகாரி மாறுவதும் பயிற்சியாளர் மறைவதும் எந்த அணிக்கும் நேரும். ஆனால் கிளப்பாகப் பதிவாகாமல் துறையின் கிளையாகவே இருந்த அணிகளுக்கு, அந்த இழப்பைத் தாங்கி அடுத்த தலைமுறையைக் கட்ட வேண்டிய நிர்வாகமும் நிதியும் இல்லாமல் போயின.